வேர்வையை மட்டும் நம்பியவர்

அவர் தொப்பிக்குள் என்ன வைத்திருக்கிறார் என்பதுதான் எங்களுக்கு வந்த முதல் சந்தேகம். ஆட்டம் தொடங்குமுன் புங்கமரத்தடியில் நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சோலா தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ திணித்து மறுபடி தலையில் அழுத்திக்கொள்வார். அம்பயர் என்றால் இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிறவர். நடுவில் நிற்கிறவருக்குத் தொப்பிக்குள் என்ன ரகசியம்? ஒருநாள் காற்றில் அது பறந்து உருண்டபோது நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். மரியாதைக்காக இல்லை, பார்ப்பதற்காக. உள்ளே ஈரமான ஆமணக்கு இலை இரண்டு இருந்தன.

"மண்டைச் சூட்டுக்கு, தம்பி," என்று கையை நீட்டினார். இலைக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பார்த்த பிறகே கொடுத்தேன். நான் அப்படிப்பட்ட ஆசாமி. பால்காரன் முகத்தைப் பார்த்தே பாலில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்?

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாதி மனைகளில் வீடு வரவில்லை. அந்த வெட்டவெளியில் தேங்காய்நார்ப் பாயை விரித்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து, எங்கள் மயிலாப்பூர் கிளப்பும் இன்னும் நாலைந்து கிளப்புகளும் கோடையில் ஒரு கோப்பைக்காகக் கிரிக்கெட் ஆடுவோம். ஆபீஸுக்கும் காலேஜுக்கும் லீவு கிடைப்பது அப்போதுதான் என்பதால் கத்திரி வெயில் என்று பார்ப்பதில்லை. அவர்தான் எங்களுக்கு அம்பயர். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓவருக்கு ஓவர் இடைவெளியில், பந்து போட்டவனையோ மட்டை பிடித்தவனையோ கூப்பிட்டு, "கையைக் கொண்டா" என்பார். புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, விட்டு, அது எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று பார்ப்பார். பிறகு நெற்றியைப் பார்ப்பார். "வேர்க்குதா? அப்ப ஆடு. வேர்வை நின்னு போச்சா? வெளியே வா." அவ்வளவுதான் அவர் வைத்தியம். நாக்கை நீட்டச் சொல்வதும் உண்டு. ஆட்டக்காரன் நடுமைதானத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க, வெளியில் வேடிக்கை பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எங்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் நாங்கள் பொய் சொல்வோமாம். "தலையை வலிக்குதுன்னு சொல்றவனை விடு, அவன் பொழைச்சுப்பான். எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்றான் பாரு, அவன்மேல ஒரு கண் வைக்கணும். ஹார்பர்ல மூட்டை தூக்கறவன் எவனும், விழுறதுக்கு முன்னாடி, விழப்போறேன்னு சொன்னதில்லை," என்பார்.

மைதானத்துக் கிணற்றுத் தண்ணீரை அவர் குடிக்க விடமாட்டார். காலராவோ என்னவோ, வீட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மண்குடத்தில் தூக்கிக்கொண்டு வருவார். ஐஸ் போட்ட சோடா விற்கிறவன் வந்தால், ஆடிவிட்டு வந்தவன் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவரை அவனை ஓரமாக நிறுத்திவைப்பார். மோர்க்காரம்மாளை மட்டும் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பார். அவள் அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவள். அவளிடம் இவருக்குக் கமிஷன் இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். ஒரு தடவை அவளையே கேட்டுவிட்டேன்.

"கமிஷனா?" என்று அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உப்பு பத்தல, உப்பு பத்தலன்னு தெனம் எங்கூட மல்லுக்கு நிக்கிற ஆளு அது. இன்னா நைனா, உனுக்கு வேற வேல இல்லியா?"

நான் நம்பவில்லை. கமிஷன் வாங்குகிறவன் சண்டை போடுவதுபோல நடிக்கமாட்டானா என்ன?

இதையெல்லாம்விடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. அவருடைய மாமியார் வீடு சைதாப்பேட்டை. எங்களுக்குப் பரம எதிரி சைதாப்பேட்டை டீம். அந்த ஊர் மாப்பிள்ளை எங்கள் ஆட்டத்துக்கு அம்பயர் என்றால், சாம்பாரில் உப்பு குறைந்தாலும் எங்களுக்கு அவர் ஞாபகம்தான் வரும். நேரில் மட்டும் எல்லாரும் "வாங்கோ ஸார், உட்காருங்கோ ஸார்" என்போம்.

அந்த வருஷம் கடைசி ஆட்டம் எங்களுக்கும் சைதாப்பேட்டைக்கும். காலை ஏழு மணிக்கே தொடங்கி, பதினொன்றுக்கு நிறுத்தி, வெயில் தாழ்ந்து மறுபடி ஆடலாம் என்று அவர் எங்கள் கிளப் காரியதரிசியிடம் நடையாக நடந்தார். காரியதரிசி என் எதிர்வீட்டுக்காரர். கோப்பை கொடுக்க வருகிற பெரியமனிதர் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் உச்சிவெயிலில் நான் மட்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் நாற்பத்தாறு ரன். ஜெயிக்க இன்னும் பதினொன்று வேண்டும். என் ஆயுசில் ஐம்பது அடித்ததில்லை. தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது அவர் வந்து என் கையைக் கிள்ளினார்.

"போதும் தம்பி. உடம்பு முடியலைன்னு சொல்லிட்டு வெளியே போ. வேற ஆள் ஆடட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்லே ஸார்."

"நான் அதைக் கேக்கலை. போன்னு சொல்றேன்."

"ரூல்ல அப்படி இருக்கா? என்னைப் போகச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கா?" என்று வக்கீல் குமாஸ்தா தோரணையில் கேட்டேன். அவர் எங்கள் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் வேறு பக்கம் பார்த்தான். அதிகாரம் இல்லைதான். ஆட்டக்காரன் தானாகப் போகலாம், அம்பயர் போகச் சொல்ல முடியாது. அவர் தன் இடத்துக்குப் போனார்.

இரண்டு ஓவர் கழித்து ஒரு பந்து என் காலில் பட்டது. ஸ்டம்புக்கு நேராக வருகிற பந்தைக் காலால் மறித்தால்தான் அவுட். இதுவோ எங்கேயோ போகிற பந்து. பந்து போட்டவன் கேட்டால்தான் அம்பயர் அவுட் கொடுக்கலாம்; இவன் ஏதோ கடனுக்குக் கத்தினான், தொண்டையே திறக்கவில்லை. அவர் விரல் சட்டென்று மேலே போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மட்டையை வீசி எறிந்துவிட்டு வந்தேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பந்துகூட நிற்கவில்லை, ஆறு ரன்னில் கோப்பை போயிற்று. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அன்று சாயங்காலம் ஆரம்பித்த காய்ச்சல் மூன்று நாள் இறங்கவில்லை. அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். டாக்டர் வந்து வெயில் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும், அவர் ஆட்டம் பார்க்கவில்லையே! அவமானத்தில் வந்த காய்ச்சல் என்று தெருவே சொல்லிற்று. நானும் அதைத்தான் நம்பினேன்.

நாலாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்து குளத்தங்கரைப் பக்கம் நடந்தேன். ஒரு ஆள் தலையில் கூடையோடு அவர் சந்துக்குள் திரும்பினான். மாம்பழ வாசனை தெருவைத் தூக்கிற்று.

"யாருக்குப்பா? எங்கேர்ந்து?"

"சைதாப்பேட்டேலருந்து சாமி. அம்பயர் வூட்டுக்கு."

போதாதா எனக்கு? அன்று மத்தியானமே உட்கார்ந்து கிளப்புக்கு ஒரு புகார் எழுதினேன். 'ஒரு கூடை மாம்பழத்துக்கு விலை போனவர் கையில் நம் கௌரவத்தை ஒப்படைப்பது தகுமா என்று கமிட்டியார் யோசிக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் அதில். எழுதி முடித்து, அந்த வாக்கியத்தை இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. நின்றுகொண்டே பதில் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சதைக் கொடுத்தேன்" என்ற ஒரே வார்த்தைதான். மாம்பழத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "வருஷாவருஷம் வருது" என்றார். வருஷாவருஷமா என்று கமிட்டியார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு அவர் வெள்ளைக் கோட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை வெளுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நடப்பார், அந்த நடையை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதைத்தான் நான் பிடுங்கினேன்.

அப்போதும் அவர் வராமல் இருக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லைக் கயிற்றுக்கு வெளியே, புங்கமரத்தடியில் நிற்பார். வெளியே வருகிறவன் கையைப் பிடித்துக் கிள்ளிப் பார்ப்பார். வேவு பார்க்க வருகிறார் என்று நான் சொன்னேன். என் கையை மட்டும் அவர் கேட்டதில்லை. நானும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன்.

நாலு வருஷம் போயிற்று. சைதாப்பேட்டைக்கு ஒரு கோர்ட் வேலையாகப் போனபோது சைக்கிள் டயர் பஞ்சர். கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், அங்கே டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவன் அன்றைக்கு என்னை அவுட்டாக்கிய அதே பந்துக்காரன். கால் சவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டுவிட்டானாம்.

"சார், நீங்க மயிலாப்பூர் டீம் இல்ல?" என்றான்.

"அந்த அவுட்டை இன்னும் மறக்கலைப்பா நான்."

"அவுட்டா? அது எங்க சார் அவுட்டு!" என்று சிரித்தான். "ஸ்டம்புக்கு ஒரு ஜாண் வெளியில பூட்ச்சு. நான் கேக்கறதாவே இல்ல. அம்பயருதான் எங்காதாண்ட வந்து, அடுத்த பந்து அவன் கால்ல பட்டா கத்துடான்னாரு."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு ஜிலுஜிலுப்பு. நாலு வருஷமாக நான் சொன்னது ருசுவாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்! விலை போயிட்டார்னு எழுதியே குடுத்தேன்!"

அவன் டியூபைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"உங்களுக்கு நெசமாவே ஒண்ணியும் ஞாபகம் இல்லியா சார்? அந்த ஓவர்ல நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க தெரியுமா?"

மட்டை பிடிக்க வருகிறவன் முதலில் மட்டையை ஸ்டம்புக்கு நேராக நிறுத்தி, சரியாக நிற்கிறேனா என்று அம்பயரைக் கேட்பது வழக்கம். வந்ததும் ஒரு தடவை கேட்டால் போதும்.

"நாப்பது ரன் அடிச்ச ஆளு, அந்த ஒரு ஓவர்ல மூணு தபா கேட்டீங்க. மூணாவது தபா அவரப் பாத்து, 'அப்பா, சரியா நிக்கறேனா?'ன்னீங்க. எங்க ஆளுங்க சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. எங்கிட்ட வந்து, 'இவனுக்கு வேர்வை நின்னு அரை மணி ஆச்சு. நான் சொன்னா போகமாட்டான். கத்து'ன்னாரு. கத்தினேன்."

அந்த ஆட்டத்தின்போது என் அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"இதை ஏன்டா நீ அப்பவே சொல்லலை?"

"யாரு கேட்டாங்க?" என்றான். "கோப்பை எங்காண்ட கீது. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கறேன்? அவரும் யார் கைலயும் சொல்லாதன்னாரு. பொய் அவுட் குடுத்தேன்னு தெரிஞ்சா, இத்தினி வருசமா குடுத்ததெல்லாம் பொய்யின்னுடுவாங்களாம்."

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும், இந்தப் பயல் அவர் சொல்லிக்கொடுத்துத்தான் பேசுகிறானோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் 'அப்பா' என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அப்போது நான்தான் எங்கள் டீமுக்குக் கேப்டன். நேரே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். அந்த நல்ல புத்தி வரவில்லை. அந்த வருஷம் கடைசி ஆட்டத்துக்கு அவரையே அம்பயராகப் போடவேண்டும் என்று காரியதரிசியிடம் நின்று பிடிவாதம் பிடித்துச் சம்மதம் வாங்கி, அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"என்ன, வேற ஆள் கிடைக்கலையா?" என்றார்.

"கிடைக்காம என்ன? எங்களுக்கு நீங்கதான் வேணும் ஸார்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் உள்ளே பார்த்து, "அந்தக் கோட்டை எடு" என்று சம்சாரத்திடம் சொன்னார்.

மறுபடி சைதாப்பேட்டைதான் எதிரி. அதே பெரியமனிதர், அதே பத்து மணி. சைதாப்பேட்டைக்காரர்கள் அழைத்து வரவேண்டிய இன்னொரு அம்பயர் வரவில்லை. அதனால் இவரே ஓவருக்கு ஓவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து, பந்து போடுகிற பக்கமெல்லாம் நின்றார். வழக்கம்போல எல்லார் கையையும் கிள்ளினார், எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

நான் உள்ளே போகுமுன் மோர்க்காரம்மாள் என்னைக் கூப்பிட்டாள். "நைனா, உங்க அம்பயரு காலைலேந்து ஒரு சொட்டு தொடல. கேட்டா இன்னிக்கு கிர்த்திகையாம், வடபழனி முருகனுக்கு வெரதமாம், பொழுது சாஞ்சி கோயிலுக்குப் போனாதான் தண்ணியாம். நீ கொஞ்சம் சொல்லேன்."

நான் சொல்லவில்லை. அவருக்கா நான் சொல்வது?

கடைசி ஜோடி நாங்கள். ஜெயிக்க ஒன்பது ரன். நான் நாற்பத்தெட்டு. என் விக்கெட் போனால் ஆட்டம் முடிந்தது. அவர் ஆறு புளியங்கொட்டைகளை இடது பையில் போட்டுக்கொண்டு, பந்துக்கு ஒன்றாக வலது பைக்கு மாற்றி ஓவரை எண்ணுவார். மூட்டை எண்ணுகிற கை, ஒருநாளும் தப்பாது. அன்றைக்கு ஒரு ஓவரில் ஏழாவது பந்தும் போட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஓவரில் எட்டு. பந்து போட்டவனே திரும்பிப் பார்த்து முறைத்தான். அவர் கையிலிருந்து ஒரு கொட்டை பாயில் விழுந்தது. அவர் குனியவில்லை. விழுந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பக்கத்தில் போய் நின்றேன். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"ஸார், கையைக் கொடுங்கோ."

"எதுக்கு?"

நானே பிடித்துக் கிள்ளினேன். கை அனலாகக் கொதித்தது. தூக்கிய தோல் தூக்கினபடி நின்றது.

"ஸார், வாங்கோ, நிழலுக்குப் போகலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லே. போய் ஆடு. நேரத்தைக் கடத்தாதே."

சைதாப்பேட்டைக் கேப்டனிடம் ஓடினேன். "அம்பயருக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் நிறுத்தலாம்" என்றேன்.

"இன்னா சார், ஒம்பது ரன்னு வராதுன்னதும் டிராமாவா? பந்தப் போடுடா," என்றான். அவன் சந்தேகம் அவனுக்கு. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆட்டம் முடியாமல் அந்த மனிதர் நகரமாட்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு போட்ட கோட்டு, விழுந்தாலும் அதோடுதான் விழுவார். பந்து வந்தது. நல்ல பந்துகூட இல்லை, நாலு ரன் அடிக்க வேண்டிய பந்து. நான் பின்காலை நன்றாகப் பின்னால் வைத்தேன். நடு ஸ்டம்ப் சாய்ந்தது. தன் ஸ்டம்பைத் தானே மிதித்தவன் அவுட். சைதாப்பேட்டைக்காரர்கள் குதித்தார்கள். அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பாதிவரை எழுந்தது. அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் அந்தக் கேப்டனும்தான் தூக்கினோம். தூக்கும்போதே அவன், "தப்பா நெனச்சிட்டேன் சார்" என்றான். தொப்பியைக் கழற்றினால் ஆமணக்கு இலை சருகாகி நொறுங்கிக் கொட்டிற்று. புங்கமரத்தடியில் படுக்கவைத்து, கோட்டையும் சட்டையையும் தளர்த்தினோம். மோர்க்காரம்மாள் குடத்துத் தண்ணீரை அவர்மேல் ஊற்றினாள். நான் ஈரத்துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துக்கொண்டே ரன் எழுதும் நோட்டால் விசிறினேன். அரை மணிக்கு மேல் ஆயிற்று கண் தெளிந்து என் பெயரைச் சொல்ல. அதுவரை நான் வேண்டாத தெய்வம் இல்லை. தெளிந்தவரிடம் மோரை நீட்டினால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்.

"விரதம்..."

"முருகன் கைல நான் சொல்லிக்கிறேன் நைனா," என்றாள் மோர்க்காரம்மாள். "நீ குடி. உப்பு இன்னிக்கு ஜாஸ்தியாவே போட்டுக்கீறேன்."

குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "வேணும்னுதானே மிதிச்சே?" என்றார்.

"இல்லே ஸார். கால் தடுக்கிடுத்து."

"பொய்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, வெயிலேறின வேளையில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூடை மாம்பழம் வந்து இறங்கிற்று. மாப்பிள்ளையைத் தூக்கி நிழலில் போட்டதற்காக, வருஷாவருஷம் அவருக்கு அனுப்புகிற மாமியார் வீட்டார் எனக்கும் அனுப்பியிருந்தார்கள். "எங்கேர்ந்து?" என்று என் மனைவி வாசலில் நின்று சத்தமாகக் கேட்டாள். "சைதாப்பேட்டேலருந்தும்மா" என்று அந்த ஆள் அதைவிடச் சத்தமாகச் சொன்னான். எதிர்வீட்டு வாசலில் காரியதரிசி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மெள்ளக் கீழே இறக்கினார். அவர் கண்ணும் கூடையும் சந்தித்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. கேப்டன் பதவியிலிருந்து மட்டும் இல்லை, கிளப்பிலிருந்தே நீக்கம். பிரித்துப் படித்தவன் நடுவில் நின்றுவிட்டேன். 'ஒரு கூடை மாம்பழத்துக்கு விலை போனவர் கையில் நம் கௌரவத்தை ஒப்படைப்பது தகுமா.' புதிதாக எழுத யார் சிரமப்படுவார்கள்? பழைய ஃபைலை எடுத்து ஆள் பெயரை மட்டும் மாற்றியிருந்தார் காரியதரிசி. அன்றைக்கு நான் உரக்கப் படித்து ரசித்த வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல் என் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த மத்தியான வெயிலிலேயே அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த வரி எனக்குத் தெரியும்," என்றார். "அன்னிக்குக் கமிட்டியிலே எனக்குப் படிச்சுக் காட்டினாங்க."

"அதை எழுதினது நான்தான் ஸார்."

"அதுவும் தெரியும். காகிதத்தைக் கையிலேயே குடுத்தாங்களே. உன் எழுத்துதான் ஊருக்கே தெரியுமே, கோணக்கோண."

நாலு வருஷமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறார். "தப்புப் பண்ணிட்டேன் ஸார். கமிட்டிக்கு எல்லாத்தையும் எழுதிடறேன். நீங்க ஏன் அவுட் குடுத்தேள், நான் ஏன் மிதிச்சேன், எல்லாத்தையும்."

"எழுதினா நம்புவாங்களா?"

யோசித்தேன். நானாக இருந்தால் நம்பமாட்டேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்காமல் என் கையைப் பிடித்தார். புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்த வெயில்ல நடந்தா வந்தே?"

"எனக்கு ஒண்ணும் இல்லே ஸார்."

"அதை யார் நம்பினா?" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார்.